மதிய வெயிலில் காணாமல் போன ஏரி: பலவீனமான ரேடியோ சிக்னல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

குடியாத்தத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இரண்டு ஏரிகள். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி கௌண்டன்ய ஆற்றிலும் பாலாற்றிலும் வெள்ளம் புரண்ட நாட்களில், இவை இரண்டும் ராத்திரியோடு ராத்திரியாகக் கோடி போயின, அதாவது நிரம்பி வழிந்தன. கரைகள் தாங்கிவிட்டன. ஆனால் கீழே நெல் போட்டிருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது விடிந்த பிறகுதான். ஏரியின் நீர்மட்டம் தானாகவே ஊருக்குத் தெரியவேண்டும் என்ற பேச்சு ஆயக்கட்டு விவசாயிகள் சங்கத்தில் அப்போது எழுந்தது.

வேலையை எடுத்துக்கொண்டவர்கள் மூன்று பேர்: தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டெக்னீஷியன், வேலூரில் பொறியியல் கடைசி வருடம் படித்த இரண்டு மாணவர்கள். கோளாறு வந்த பிறகு பார்க்கச் சொல்லி என்னை அழைத்தார்கள். அவர்கள் எழுதி வைத்திருந்த நோட்டும், ரிசீவரில் சேர்ந்திருந்த பதிவுகளும் நன்றாக இருந்ததால்தான் இந்த ஆய்வை எழுத முடிகிறது.

செல்போன் சிம் போட்ட கருவியைத்தான் முதலில் யோசித்தார்கள். ஏரிக்கரையில் டவர் ஒரு கோடு வரும், போகும். அதோடு சங்கத் தலைவர் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை: "மாசா மாசம் ரீசார்ஜ் யார் தம்பி போடறது?" ஆகவே சிறு செய்திகளைக் குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் அனுப்பும் லோரா ரேடியோ என்று முடிவானது. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைப்பட்டையை, 1 வாட் வரை அனுப்பும் திறன், 200 கிலோஹெர்ட்ஸ் வரை அலை அகலம் (ஒரு சிக்னல் பிடிக்கும் அதிர்வெண் இடம்) என்ற வரம்புகளோடு, உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005 முதல் நம் நாட்டில் அனுமதி உண்டு. மாதச் செலவு எதுவும் கிடையாது.

அமைப்பு

இரண்டு ஏரிகளிலும் மதகுத் தூணின் மேல் ஆளுக்கொரு பெட்டி. உள்ளே மீயொலி மட்டமானி, சிறிய பேட்டரி, செம்டெக் நிறுவனத்தின் எஸ்எக்ஸ்1276 சிப் கொண்ட ரேடியோ. பெட்டியின் மேல் கையகல சோலார் தகடு. அரை மணிக்கு ஒரு முறை நீர்மட்டத்தை அனுப்பும். ரிசீவர் ஊருக்குள் ஒரு மாடி வீட்டு அறையில், ஆன்டெனா மொட்டை மாடியில்.

முதல் ஏரி ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தூரம். நடுவே பாறைக் குன்று ஒன்று படுத்திருக்கிறது. வெட்டவெளியாக இருந்திருந்தால் சிக்னல் −90 டிபிஎம்மை ஒட்டி வந்திருக்கும் (டிபிஎம் வலுவின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக வலு குறைவு). குன்றைத் தாண்டி வந்து சேர்ந்தது −128. அந்த இடத்து இரைச்சலைவிட 11 டெசிபல் கீழே. இரண்டாவது ஏரி இன்னும் தூரம், ஆனால் வழியில் மலை இல்லை.

−128 என்பதைப் பார்த்துப் பயந்த மாணவர்கள், அலை அகலத்தை 125 கிலோஹெர்ட்ஸில் இருந்து 31.25க்குக் குறைத்தார்கள். அகலம் குறைந்தால் உள்ளே வரும் இரைச்சலும் குறையும், தூரம் கூடும் என்பது கணக்கு. பரவல் காரணி (ஒவ்வொரு குறியையும் எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற அளவு) 10, அனுப்பும் திறன் 14 டிபிஎம். தை மாதத்தில் பொருத்தினார்கள். இரண்டு ஏரிகளும் ஒழுங்காகப் பேசின.

கவனித்தவை

பங்குனி பிறந்ததும் முதல் ஏரி மதியங்களில் வாயை மூடிக்கொண்டது. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு செய்திதான் போயிற்று. மாதக் கடைசியில் காலை 11 மணிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை, மறுபடி மாலை 5 மணிவாக்கில் தொடங்கும். ராத்திரி முழுக்க ஒரு குறையும் கிடையாது.

இதில் குழப்பமே இரண்டாவது ஏரியால் வந்தது. அதே கடையில் வாங்கிய அதே ரேடியோ, அதே மாதிரிப் பெட்டி, அதே வெயில், தூரமும் அதிகம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

சந்தேகங்கள் வரிசையாக வந்தன. பேட்டரி மேல் முதல் சந்தேகம். ஆனால் சோலார் தகடு நிறைய மின்சாரம் தரும் மதியத்தில் பேட்டரி சோர்வானேன்? பெட்டியே அனுப்பி வைத்த மின்னழுத்தக் கணக்கும் சரியாக இருந்தது. அடுத்து, வழியில் மாந்தோப்புகள் தழைத்துவிட்டன என்றார்கள். தழை மதியத்தில் மட்டும் வந்து மாலையில் போகாது. மூன்றாவது சந்தேகம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் அட்டைகளைப் படிக்கும் கருவிகளும் இதே 865–867 பட்டையில்தான் இயங்குகின்றன; அதன் இடைஞ்சலோ என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் நெடுஞ்சாலை ராத்திரியிலும் ஓய்வதில்லை, நம் ஏரியோ ராத்திரியில் நன்றாகப் பேசுகிறது.

டெக்னீஷியன் தன் அனுபவத்தில் செய்யக்கூடியதைச் செய்தார்: அனுப்பும் திறனை 14இல் இருந்து 20 டிபிஎம்முக்கு, அதாவது 25 மில்லிவாட்டில் இருந்து 100க்கு ஏற்றினார். மதியத்து மௌனம் அப்படியே இருந்தது. அதோடு, அதுவரை சுத்தமாக வந்த காலைச் செய்திகளில் சில உடைந்து வரத் தொடங்கின. என் பார்வையில் இந்த வழக்கிலேயே மதிப்புள்ள தடயம் இதுதான். திறனை நான்கு மடங்காக்கியும் ஒரு சிக்னல் கேட்கவில்லை என்றால், அது பலவீனத்தால் கேட்காமல் போகவில்லை.

சங்கத் தலைவருக்கு ரேடியோ தெரியாது. அவர் சொன்னது நோட்டில் அப்படியே இருக்கிறது: "ஆடு மாடே அந்த நேரத்துக்கு நெழலுக்குப் போய்டுது தம்பி. உங்க பெட்டி மட்டும் கல்லு மேல காயுது."

பதிவுகள் சொன்னது

எஸ்எக்ஸ்1276 ஒவ்வொரு செய்தியை வாங்கும்போதும், வந்த சிக்னலின் அதிர்வெண் தன்னுடையதில் இருந்து எவ்வளவு விலகியிருந்தது என்று ஒரு எண்ணைக் கணக்கிட்டு வைக்கும். மாணவர்கள் அதைச் சேமித்திருந்தார்கள், ஆனால் யாரும் பார்க்கவில்லை. சிக்னல் வலு, இரைச்சல் விகிதம் (சிக்னல் இரைச்சலைவிட எத்தனை டெசிபல் மேலே அல்லது கீழே) என்ற இரண்டு பத்திகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டும் காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி இருந்தன. 11 மணிக்கு வந்த கடைசிச் செய்தியில்கூட இரைச்சல் விகிதம் −5தான். பரவல் காரணி 10க்கு −15 வரை தாங்கும். இன்னும் 10 டெசிபல் கையிருப்பு இருக்கும்போதே செய்தி நின்றிருக்கிறது.

அதிர்வெண் விலகலை நேரத்துக்கு எதிராக வரைந்தபோது கதை வெளியே வந்தது. முதல் ஏரியின் பெட்டி விடியற்காலையில் −3.5 கிலோஹெர்ட்ஸ். வெயில் ஏற ஏறக் கீழே இறங்குகிறது. 10 மணிக்கு −6. 11 மணிக்கு −7.5ஐத் தொட்டதும் கோடு அறுந்துபோகிறது. மாலையில் அதே −7.5இல் மறுபடி முளைத்து மேலே ஏறுகிறது. எந்த நாளை எடுத்தாலும் அறுவது அந்த ஒரே உயரத்தில்தான். இரண்டாவது ஏரி காலையில் +3இல் தொடங்கி மதியத்தில் −2 வரை இறங்கி, திரும்ப ஏறுகிறது. இறக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். தொடங்கிய இடம் வேறு. அதே வெயிலில் அது பிழைத்ததற்கு வேறு காரணம் இல்லை.

ஒத்திசைவு எங்கே உடைந்தது

இதைப் புரிந்துகொள்ள, இரைச்சலுக்குக் கீழே இருக்கும் சிக்னலை லோரா எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்க்கவேண்டும்.

அனுப்பும் ஒவ்வொரு குறியும் ஒரு சறுக்கல் அலை. அலை அகலத்தின் அடியில் இருந்து உச்சி வரை அதிர்வெண் சீராக ஏறும். பரவல் காரணி 10, அகலம் 31.25 என்றால் ஒரு ஏற்றத்துக்கு 32.8 மில்லிவிநாடி. ரிசீவர், வருவதை ஒரு தலைகீழ்ச் சறுக்கலோடு பெருக்குகிறது. அப்போது ஏறிக்கொண்டிருந்த அதிர்வெண் ஒரே இடத்தில் நின்றுவிடும். 1024 கட்டங்களில் ஒரு கட்டத்தில் அத்தனை ஆற்றலும் குவியும். இரைச்சல் எல்லாக் கட்டங்களிலும் சிதறிக் கிடக்கும். இரைச்சலைவிட 15 டெசிபல் தாழ்ந்த சிக்னலும் இப்படித்தான் தலையைக் காட்டுகிறது.

செய்தியின் முன்னால் ஒரே மாதிரி ஏற்றங்கள் சில தொடர்ந்து வரும். அடுத்தடுத்து ஒரே கட்டத்தில் முகடு விழுந்தால், யாரோ பேசத் தொடங்குகிறார்கள் என்று ரிசீவர் எடுத்துக்கொள்ளும். கண்டுபிடித்தல் இதோடு முடிந்தது. ஒத்திசைவு, அதாவது வரும் சிக்னலின் நேரத்தோடும் அதிர்வெண்ணோடும் தன்னைப் பொருத்திக்கொள்வது, இனிமேல்தான்; சிக்கலும் அங்கேதான். ஏறும் சறுக்கலில் சிக்னல் சற்றுத் தாமதமாக வந்தாலும் முகடு நகரும். அதிர்வெண் விலகினாலும் நகரும். நகர்ந்ததை வைத்து எது காரணம் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டு அடையாளக் குறிகளுக்குப் பிறகு இரண்டேகால் இறங்கும் சறுக்கல்கள் வருகின்றன. ஏற்றத்திலும் இறக்கத்திலும் அதிர்வெண் பிழை முகட்டை ஒரே பக்கம் தள்ளும், நேரப் பிழை எதிரெதிர்ப் பக்கம் தள்ளும். இரண்டு இடங்களையும் கூட்டினால் நேரப் பிழை அடிபட்டு அதிர்வெண் பிழை இரு மடங்காக நிற்கும். கழித்தால் நேரப் பிழை நிற்கும். அழகான ஏற்பாடு.

ஆனால் கட்டங்கள் வட்டமானவை. கடைசிக் கட்டத்தைத் தாண்டினால் முதல் கட்டத்துக்கே வந்துவிடும். இரு மடங்கான பிழை அரை வட்டத்தைத் தாண்டினால் விலகல் மேலேயா கீழேயா என்று தெரியாது. ஆகவே தாங்கக்கூடிய விலகல் அலை அகலத்தில் கால் பங்குதான், இரு பக்கமும். 31.25இல் கால் பங்கு 7.8 கிலோஹெர்ட்ஸ். வரைபடத்தில் கோடு அறுந்தது 7.5ஐத் தொட்ட இடத்தில்.

866 மெகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 பிபிஎம், 866 ஹெர்ட்ஸ். ஆக 7.8 கிலோஹெர்ட்ஸ் என்பது வெறும் 9 பிபிஎம். ரேடியோவுக்குள் தாளம் போடும் சாதாரண குவார்ட்ஸ் கிரிஸ்டல் வாங்கும்போதே 10 பிபிஎம் வரை அப்படி இப்படி இருக்கும். வெப்பம் ஏறும்போது அது மேலும் நகரும். இவ்வகைக் கிரிஸ்டல் அறை வெப்பத்துக்கு மேலே 60 டிகிரி வாக்கில் வரை அதிர்வெண்ணில் கீழே இறங்கும் இயல்புடையது. வேலூர்ப் பக்கத்து வெயிலில், கருங்கல் தூண் மேல், சாம்பல் நிற மூடிக்குள் இருந்த வெப்பத்தைப் பிறகு அளந்தார்கள். மதியத்தில் 60ஐத் தாண்டியது. ரிசீவரோ ஓட்டு வீட்டு நிழல் மாதிரி ஓர் அறைக்குள் நிம்மதியாக இருந்தது.

சோதனை

வரைபடத்தை மட்டும் நம்பிக் கரையில் கைவைக்கவேண்டாம் என்று டெக்னீஷியன் பிடிவாதமாகச் சொன்னார். சரியான பிடிவாதம். முதல் ஏரிப் பெட்டியைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். ரிசீவருக்குப் பக்கத்து மேஜையில் வைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பும்படி மாற்றி, முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் சூடாக்கினார்கள். கைக்கெட்டும் தூரம், சிக்னல் காதைப் பிளக்கும் வலு. சூடு ஏறியதும் விலகல் −4, −5, −7 என்று இறங்கிற்று, அப்புறம் செய்திகள் நின்றுபோயின. டிரையரை நிறுத்தி மூடியைத் திறந்துவிட்டதும் கொஞ்ச நேரத்தில் −7இல் மறுபடி வந்தன.

சிப்பின் நிலைப் பதிவேட்டையும் அப்போது படித்தார்கள். செய்தி நின்ற நேரங்களிலும் 'சிக்னல் தென்பட்டது' என்ற குறி அவ்வப்போது எரிந்து அணைந்தது. 'தலைப்பு சரி' என்பது எரியவே இல்லை. யாரோ பேசுவது ரிசீவருக்குத் தெரிந்திருக்கிறது, பிடித்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

கையில் ஒரு மலிவு விலை எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகி ரேடியோ அலைகளைப் பார்க்கும் கருவி) இருந்தது. அதில் அலைக்கோலத்தைப் பார்க்கலாம் என்று மாணவர்கள் ஆசைப்பட்டார்கள். அதற்குள்ளும் ஒரு கிரிஸ்டல் இருக்கிறது, அதுவும் சூடாகி நகரும். 5 கிலோஹெர்ட்ஸ் சண்டைக்கு அதைச் சாட்சியாகக் கூப்பிடவில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் யோசனை, பெட்டிக்கு நிழல். செய்தார்கள்: வெள்ளைப் பெயின்ட், மேலே விரல் இடைவெளி விட்டு ஒரு தகரக் கூரை. ஆனால் அதை மட்டும் நம்பவில்லை. கிரிஸ்டல் வருடா வருடம் வயதாகியும் நகரும்; அதை நிழல் தடுக்காது.

இரண்டாவது, ரிசீவரின் அதிர்வெண்ணைச் சற்றுக் கீழே இறக்குவது. நான்கைந்து வரி நிரல்தான். முதல் ஏரிக்கு அது வசதி. அப்போது இரண்டாவது ஏரி மறுபக்க விளிம்புக்குத் தள்ளப்படும். ஒரு ரிசீவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் காது வைக்க முடியாது. கைவிட்டார்கள்.

மூன்றாவது, வெப்பத்தை ஈடுகட்டும் டிசிஎக்ஸ்ஓ வகை கிரிஸ்டல் உள்ள ரேடியோக்கள். இவை பொதுவாக 2 பிபிஎம்முக்குள் நிற்கும். விலை கூடுதல். ரிசீவருக்கு மட்டும் ஒன்று வாங்குவது, மற்றவை பழுதாகும்போது மாற்றுவது என்று தீர்மானித்தார்கள். எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான முனை ரிசீவர்தான், அது அசையாமல் இருந்தால் மற்றவற்றின் நகர்வைத் தனித்தனியாக அளக்கலாம் என்பது காரணம்.

நான்காவதுதான் நோயைத் தீர்த்தது: அலை அகலத்தை மறுபடி 125க்கு ஏற்றி, பரவல் காரணியை 12 ஆக்குவது. மாணவர்களுக்கு இது முதலில் பிடிக்கவில்லை, தூரம் போய்விடுமே என்றார்கள். காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். 31.25இல் இரைச்சல் தளம் −123 டிபிஎம். காரணி 10 அதற்கு 15 கீழே கேட்கும், ஆக −138. 125இல் தளம் −117; காரணி 12 அதற்கு 20 கீழே கேட்கும், ஆக −137. வித்தியாசம் ஒரே டெசிபல். ஒரு குறியின் நீளம் இரண்டிலும் 32.8 மில்லிவிநாடி. குறுக்கியதால் கிடைத்த லாபம் ஏறத்தாழ ஒன்றுமில்லை; இழந்தது, தாங்கும் விலகலில் முக்கால் பங்கு. 125இல் அது 31 கிலோஹெர்ட்ஸ், அதாவது 36 பிபிஎம். 200 கிலோஹெர்ட்ஸ் வரம்புக்குள்ளும் அடங்குகிறது.

இதோடு அனுப்பும் திறனைப் பழையபடி 14க்கு இறக்கினார்கள். 20இல் காலைச் செய்திகள் உடைந்ததற்குக் காரணம், அனுப்பும்போதே சிக்னலைப் பெருக்கும் பகுதி சூடாகிப் பக்கத்தில் இருக்கும் கிரிஸ்டலைச் செய்தியின் நடுவே நகர்த்தியதாக இருக்கவேண்டும் என்பது எங்கள் முடிவு. கட்டம் ஒன்று 30 ஹெர்ட்ஸ்தான். நீண்ட செய்தி நகர்வைத் தாங்காது. அதுவரை நீர்மட்டத்தை 40 எழுத்து வாக்கியமாக அனுப்பி, காற்றில் இரண்டரை விநாடி இருந்தார்கள். அதை 12 பைட்டுக்குச் சுருக்கியதும், புதிய அமைப்பில் 1.2 விநாடிக்குக் குறைந்தது.

பிறகு நடந்தது

மாற்றும் நாளில் வரிசை முக்கியம்: ரிசீவரை முதலில் மாற்றினால் இரண்டு ஏரிகளும் ஒரே அடியாக மௌனமாகிவிடும், கோளாறு எங்கே என்று தெரியாது. அதனால் காலை வெயிலுக்கு முன் கரையில் ஒருவர், வீட்டில் ஒருவர். கரையில் பெட்டியை மாற்றி முடித்ததும் வீட்டுக்கு போன், பிறகு ரிசீவர்.

அன்று மாலையே ஒரு பதற்றம். இரைச்சல் விகிதம் −5இல் இருந்து −11க்கு விழுந்துவிட்டது, மோசமாகிவிட்டது என்று மாணவர் ஒருவர் போன் செய்தார். அகலம் நான்கு மடங்கானதால் இரைச்சலும் 6 டெசிபல் கூடத்தான் செய்யும். எல்லையும் −15இல் இருந்து −20க்கு இறங்கியிருக்கிறது. கையிருப்பு முன்பு 10, இப்போது 9.

கத்திரி வெயிலில்தான் உண்மையான பரீட்சை. வரைபடத்தில் இப்போது கோடு அறுபடவில்லை. மதியம் இரண்டு மூன்று மணிவாக்கில் −11 வரை இறங்கி, அங்கே தட்டையாக ஓடி, மாலையில் ஏறியது. பழைய அமைப்பில் கண்ணுக்கே படாத பள்ளம் அது. தகரக் கூரை போட்ட பிறகு பள்ளத்தின் ஆழம் குறைந்தது. இடி மழை நேரங்களில் ஒன்றிரண்டு செய்திகள் இன்னும் போகின்றன. அரை மணியில் அடுத்தது வந்துவிடுவதால் அதைத் துரத்தவில்லை. ஐப்பசி மழையில் முதல் ஏரி கோடி போன ராத்திரி, உபரி நீர் வழியும் கலங்கலை நீர் தொடும் முன்பே சங்கத் தலைவர் வீட்டில் அலாரம் அடித்தது.

அடுத்த முறை மாறவேண்டியவை

சிக்னல் வலுவைப் போலவே அதிர்வெண் விலகலையும் முதல் நாளில் இருந்தே வரைந்து பார்ப்பது. செலவில்லாத வேலை, சிப் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருக்கிறது. தையிலேயே பார்த்திருந்தால் முதல் பெட்டி −3.5இல் நிற்பதும், எல்லை 7.8 என்பதும் தெரிந்திருக்கும்.

62.5க்குக் கீழே அலை அகலம் வேண்டுமென்றால் டிசிஎக்ஸ்ஓ இல்லாமல் போகக்கூடாது. சிப் தயாரித்தவர்களின் அறிவுரையும் அதுவே. தூரம் போதவில்லை என்றால் அகலத்தில் கைவைக்கும் முன் ஆன்டெனாவை உயர்த்திப் பார்ப்பது நல்லது. குன்று தின்ற டெசிபல்களில் கொஞ்சமாவது மாடியில் இன்னொரு குழாய் நட்டால் திரும்பியிருக்கும் என்பது என் எண்ணம். அதை யாரும் முயலவில்லை, இப்போதைக்குத் தேவையும் இல்லை.

புதுப் பெட்டி எதுவானாலும் ஏரிக்குப் போகும் முன் மேஜையில் ஹேர் டிரையர் சோதனை என்று சங்கத்தில் இப்போது வழக்கமாகிவிட்டது. மூன்றாவதாக ஒரு குளத்துக்கு வாங்கிய பெட்டி குளிர்ந்த நிலையிலேயே −8 கிலோஹெர்ட்ஸ் காட்டியது. பழைய அமைப்பில் அது ஒரு செய்திகூட அனுப்பியிருக்காது. 125இல் தாராளமாக அடங்குவதால், மூடியில் எண்ணை எழுதி வைத்து அப்படியே பொருத்திவிட்டார்கள்.